ஃப்ளோர்ஸ்பார்: எங்கள் ஊர் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடும் பேட்டரிக்காரர்கள் தேடும் கல்லும் ஒன்றுதானா?

தகடூரான் கேட்டது:

வணக்கம் மக்களே. சுரங்கம், உலோகம், ரசாயனம் தெரிந்தவர்கள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் இங்கே கேட்கிறேன்.

நான் பென்னாகரம் பக்கம். எங்களுக்கு ஃப்ளோரைடு என்றால் பழுப்பேறிய பல், நாற்பது வயதிலேயே குனிய முடியாத முதுகு, அதற்காக வந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம், அவ்வளவுதான். அரசாங்கமே பெருஞ்செலவு செய்து விரட்டுகிற சரக்கு. இப்போது என்னவென்றால், மின்வண்டி பேட்டரி, சிப், ஏசி என்று எதைப் பற்றிப் படித்தாலும் நடுவில் ஃப்ளோர்ஸ்பார் என்று ஒரு கல் வந்து நிற்கிறது. அமெரிக்கா அதை முக்கியக் கனிமம் என்கிறது, ஐரோப்பாவும் அப்படியே சொல்கிறது, சீனாதான் பாதிக்கு மேல் தோண்டுகிறது என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு என் மச்சான் "நம்ம கிணத்துத் தண்ணியிலேயே இவ்வளவு இருக்குன்னா அடியில எவ்வளவு இருக்கும், தோண்டிப் பார்க்கலாமா" என்று ஆரம்பித்துவிட்டார். சிரிப்பாக இருந்தாலும் எனக்கும் பதில் தெரியவில்லை. இந்தக் கல் உண்மையில் எதற்கு இவ்வளவு வேண்டியிருக்கிறது? இரும்பு, தாமிரம் என்றால் கண்ணில் படுகிறது, இது எங்கேயுமே கண்ணில் படவில்லையே? இந்தியாவில் கிடைக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

கல்லுப்பொறுக்கி:

மச்சானை முதலில் உட்காரச் சொல்லுங்கள். கணக்கு போட்டுப் பார்ப்போம்.

உங்கள் கிணற்றில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. அப்படிப் பார்த்தால் 3 என்பது மோசமான தண்ணீர்தான். ஆனால் ஒரு டன் சுத்தமான ஃப்ளோர்ஸ்பாரில் ஏறக்குறைய 487 கிலோ ஃப்ளோரின் இருக்கிறது. அதை உங்கள் தண்ணீரிலிருந்து சேர்க்க வேண்டுமானால் 16 கோடி லிட்டர் இறைக்க வேண்டும், அதுவும் ஒரு சொட்டு விடாமல் பிரித்தெடுத்தால். மனிதனின் பல்லுக்கும் எலும்புக்கும் அதிகமாகிவிடுகிற அளவு, சுரங்கக்காரனுக்கு ஒன்றுமே இல்லாத அளவு.

உங்கள் பக்கத்துத் தண்ணீரில் வரும் ஃப்ளோரைடு பெரும்பாலும் ஃப்ளோர்ஸ்பார் பாளத்திலிருந்து வருவதே இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் இருக்கும் ஹார்ன்பிளெண்டு, கருப்பு அபிரகம், அபடைட்டு போன்ற சாதாரணக் கனிமங்களுக்குள்ளேயே ஃப்ளோரின் கொஞ்சம் கொஞ்சம் ஒளிந்திருக்கும். மழை குறைவு, தண்ணீர் பாறை இடுக்கில் வெகுகாலம் தங்குகிறது, கால்சியம் குறைந்து காரத்தன்மை ஏறுகிறது, அப்போது ஃப்ளோரைடு கரைந்து வெளியே வருகிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்திருந்தால் அதுவே ஃப்ளோரைடைப் பிடித்துப் படியவைத்திருக்கும்.

சுரங்கம் போடத் தகுந்த ஃப்ளோர்ஸ்பார் வேறு மாதிரி உருவாவது. பூமிக்கு அடியிலிருந்து ஃப்ளோரின் சுமந்த வெந்நீர் பாறை வெடிப்புகள் வழியாக ஏறிவரும். வழியில் குளிர்ந்தாலோ சுண்ணாம்புப் பாறையைத் தொட்டாலோ கால்சியத்தோடு சேர்ந்து அங்கேயே படிகமாகும். ஊதா, பச்சை, மஞ்சள், சில சமயம் நிறமே இல்லாமல், கனசதுரக் கட்டிகளாக. பார்க்க அழகான கல், ஆனால் கடினத்தன்மை வெறும் 4, கத்தியால் கீறலாம், கையில் எடுத்தால் அதே அளவு வெள்ளைக்கல்லைவிடக் கனமாக இருக்கும். கூடவே பாரைட்டு, கால்சைட்டு (சுண்ணாம்புக் கனிமம்), ஈயம், துத்தநாகத் தாதுக்களும் கலந்திருக்கும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரோசிகிளேர், கேவ்-இன்-ராக் என்ற ஊர்கள் ஒரு காலத்தில் இதை வைத்தே வாழ்ந்தன. மலிவான இறக்குமதியோடு போட்டி போட முடியாமல் 1990களின் நடுவில் அங்கே கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. இன்றைக்கு முக்கியக் கனிமம் என்று பட்டியல் போடுவதும் அதே நாடுதான்!

இந்தியாவில் கிடைக்கிறது. குஜராத்தின் சோட்டா உதேப்பூர் மாவட்டத்தில் அம்பாடுங்கர் என்ற இடம்தான் பெரியது. கார்பனடைட்டு என்ற அபூர்வமான எரிமலை வகைப் பாறை அது. குஜராத் அரசின் கனிம நிறுவனம் பக்கத்தில் காடிபானியில் தாதுவைச் சுத்தம் செய்யும் ஆலையும் கட்டியது. ராஜஸ்தானின் டுங்கர்பூரிலும் சத்தீஸ்கரின் சண்டிடோங்ரியிலும் கொஞ்சம் உண்டு. இத்தனை இருந்தும் நமக்கு வேண்டியதில் பெரும்பங்கு கப்பலில்தான் வருகிறது. ஏன் என்பது தனிக்கதை.

மச்சானுக்கு ஒரு ஆறுதல்: கார்பனடைட்டு பாறை உங்கள் பக்கமும் இருக்கிறது, சாமல்பட்டி, சேவாத்தூர் எல்லாம் நிலவியல் மாணவர்கள் பேருந்து வைத்து வந்து பார்க்கும் இடங்கள். ஆனால் அங்கே ஃப்ளோர்ஸ்பார் சுரங்கம் போடும் அளவுக்கு எதுவும் இல்லை.

ஏழாயிரத்துப்பதினெட்டு:

கண்ணில் படவில்லை என்கிறீர்களே தகடூரான், எனக்குத் தினமும் படுகிறது. நான் திருச்சியில் வெல்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறவன். பேரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

7018 ராடு மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு இருக்கிறதே, அதில் சுண்ணாம்புக்கல் தூளும் ஃப்ளோர்ஸ்பார் தூளும்தான் முக்கியச் சரக்கு. பாய்லர், பிரஷர் வெசல், பாலம் என்று கனமான வேலைக்கெல்லாம் இந்த ராடு இல்லாமல் நடக்காது. காரணம் ஹைட்ரஜன். வெல்டுக்குள் ஹைட்ரஜன் மாட்டிக்கொண்டால் வேலை முடிந்து ஒரு நாள் கழித்துக்கூடத் தானாக விரிசல் விடும். ஃப்ளோரைடு அந்த ஹைட்ரஜனைக் குறைக்கிறது, கசடையும் இளக்கமாக்கி வெல்டு மேல் சீராகப் பரவவிடுகிறது. பூச்சு ஈரம் வாங்கினால் எல்லாம் வீண், அதனால்தான் ராடை ஓவன் அடுப்பில் போட்டுச் சூடாக எடுத்துத் தருகிறோம். அதைச் சோம்பேறித்தனம் பார்த்து விட்டுவிட்டு அப்புறம் எக்ஸ்ரே ஃபெயில் என்று தலையில் கை வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

எஃகு உலைக்காரர்களும் இதையே கட்டியாக வாங்கி உலையில் போடுவார்கள். களி மாதிரி நிற்கும் கசடு கஞ்சி மாதிரி இளகிவிடும், கந்தகமும் பாஸ்பரஸும் இரும்பிலிருந்து கசடுக்குப் போவது சுலபமாகும். அந்தக் கட்டிக்குப் பெரிய சுத்தமெல்லாம் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: இந்த ராடின் புகையில் ஃப்ளோரைடு இருக்கும். மூடிய டேங்குக்குள் எக்ஸாஸ்ட் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

அமிலக்காரன்:

எஃகும் வெல்டிங்கும் பழைய பெருங்கணக்கு. இன்றைக்கு இந்தக் கல்லுக்காக நாடுகள் ஏன் பதறுகின்றன என்றால் அதற்குக் காரணம் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். அந்தத் துறையில் பல வருடம் ஓட்டியவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஃப்ளோர்ஸ்பார் என்றால் சந்தையில் ஒரே சரக்கு இல்லை. வெல்டர் நண்பர் சொன்ன உலைக்கட்டியில் கால்சியம் ஃப்ளோரைடு 60 முதல் 85 சதவீதம் வரை இருந்தாலே ஓடும். அமிலத் தரம் என்று ஒன்று உண்டு, அது 97 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஃப்ளோரின் வேண்டிய கிட்டத்தட்ட எல்லாத் தொழிலும் இந்த 97 தரக் கல்லைத்தான் கேட்கிறது.

ஆலையில் நடப்பது கேட்கச் சுலபம்: கல் தூளையும் அடர் கந்தக அமிலத்தையும் வெளியிலிருந்து சூடேற்றிய ஒரு நீண்ட எஃகு உருளைக்குள் போட்டு உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 200 டிகிரிக்கு மேல். ஹைட்ரஜன் ஃப்ளோரைடு வாயுவாகக் கிளம்பும், அதைக் கழுவி, குளிரவைத்துத் திரவமாக்க வேண்டும், அதுதான் நம் அமிலம். அது 19.5 டிகிரியிலேயே கொதிக்கும் சாமான், நம் ஊர் வெயிலுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு டன் அமிலத்துக்கு ஏறக்குறைய 2.2 டன் கல், 2.7 டன் கந்தக அமிலம் உள்ளே போகும். வெளியே 3.7 டன் கால்சியம் சல்பேட்டும் வரும், அதை சிமெண்ட்காரர்கள் வாங்கிக்கொண்டால் பிழைத்தோம்.

97 என்று ஏன் அடம் பிடிக்கிறார்கள் என்பதுதான் பலருக்குப் புரியாத இடம். மீதி 3 சதவீதத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் எங்கள் பிழைப்பே. அதில் மணல், அதாவது சிலிக்கா, 1 சதவீதம் கூடினால் போதும். ஒரு டன் கல்லில் 10 கிலோ சிலிக்கா. அது தன் பங்குக்கு 20 கிலோ வரை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தைத் தின்று ஃப்ளோசிலிசிக் அமிலமாகப் போய்விடும். அந்த 20 கிலோ அமிலத்துக்கு 39 கிலோ ஃப்ளோர்ஸ்பார் செலவாகியிருக்கும். ஆக 1 சதவீத மணல், கிட்டத்தட்ட 4 சதவீதக் கல்லை விழுங்குகிறது. கால்சைட்டு கூடினால் கந்தக அமிலம் வீணாகும், கரியமில வாயு கிளம்பி உருளைக்குள் நுரைக்கும். ஆர்செனிக் இருந்தால் அமிலத்தோடேயே வந்து அடுத்த கட்ட வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்புவார். "எங்களிடம் நிறைய தாது இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது எவ்வளவு டன் என்று இல்லை, சிலிக்கா எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு, ஆர்செனிக் எவ்வளவு என்றுதான்.

சரி, அந்த அமிலம் எங்கே போகிறது? ஏசி, ஃபிரிட்ஜ் வாயு முதல் வழி. பழைய ஆர்-22, இப்போது வீட்டு ஏசிகளில் வரும் ஆர்-32, கார்களில் வந்த ஆர்-134ஏ எல்லாவற்றிலும் ஃப்ளோரின். 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் ஓசோனைக் காப்பாற்றக் குளோரின் கலந்த வாயுக்களை ஒதுக்கியது, 2016 கிகாலி திருத்தம் புவி வெப்பத்துக்காக அடுத்த தலைமுறை வாயுக்களையும் குறைக்கச் சொன்னது. ஆனால் அவற்றுக்கு மாற்றாகக் கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப்பிலும் நாலு ஃப்ளோரின் அணு இருக்கிறது! ஆர்-22ஐயே சூடாக்கி உடைத்துத்தான் தோசைக்கல் டெஃப்லானுக்கான மூலப்பொருளைச் செய்கிறார்கள்.

அடுத்தது அலுமினியம். அலுமினாவை அப்படியே உருக்க 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். கிரையோலைட்டு என்ற ஃப்ளோரைடு உப்புக் குழம்பில் கரைத்தால் 960 டிகிரி அளவிலேயே மின்சாரம் பாய்ச்சிப் பிரித்துவிடலாம். இயற்கையான கிரையோலைட்டு கிரீன்லாந்தில் இவிட்டூட் என்ற ஒரே இடத்தில்தான் பெரிய அளவில் இருந்தது, 1987இல் அந்தச் சுரங்கம் தீர்ந்து மூடியாயிற்று. இப்போது செயற்கைக் கிரையோலைட்டும் அலுமினியம் ஃப்ளோரைடும்தான் எல்லா உருக்காலையிலும். நம் கடலூர் சிப்காட்டில் டான்ஃபாக் நிறுவனம் செய்வது இந்த அலுமினியம் ஃப்ளோரைடும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும்தான்.

பேட்டரிக்கு வருவோம். லித்தியம் பேட்டரியின் உள்ளே இருக்கும் திரவத்தில் கரைந்திருப்பது லித்தியம் ஹெக்ஸாஃப்ளோரோபாஸ்பேட்டு, ஒரு மூலக்கூறுக்கு ஆறு ஃப்ளோரின். நேர்மின்வாய்த் தூளைத் தகட்டில் ஒட்டவைக்கும் பசையான பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக்கிலும் ஃப்ளோரின். லித்தியம், கோபால்ட் என்று எல்லோரும் கத்துகிறார்கள், இதைப் பற்றிப் பேச ஆளில்லை.

அப்புறம் யுரேனியம். செறிவூட்ட வேண்டுமானால் அதை ஹெக்ஸாஃப்ளோரைடு ஆக்கி வாயுவாக மாற்றினால்தான் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்ற முடியும். மருந்துகளில் சிப்ரோஃப்ளாக்சசின், கொழுப்புக்குக் கொடுக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் இரண்டிலும் ஃப்ளோரின் உண்டு.

சிப் தொழிலில் இது எவ்வளவு முக்கியம் என்பதை 2019 ஜூலையில் உலகம் பார்த்தது. ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் தகராறு வந்தபோது ஜப்பான் மூன்று பொருட்களின் ஏற்றுமதிக்குத்தான் கெடுபிடி போட்டது. அதில் ஒன்று மிகச் சுத்தமான ஹைட்ரஜன் ஃப்ளோரைடு. சிலிக்கான் தகட்டின் மேல் இருக்கும் ஆக்சைடை அரித்தெடுக்க அதுதான் வேண்டும், கொரியாவின் பெரிய சிப் கம்பெனிகள் ஆடிப்போயின. கண்ணாடியை அரிக்கும் அதே குணம்தான். என் உருளையில் சிலிக்கா அமிலத்தைத் தின்பதும் அதே வேதியியல்தான், அங்கே லாபம், இங்கே நஷ்டம்.

இத்தனையும் நுழைவது அந்த ஒரே அமிலத்தின் வழியாக. தகடூரான் கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான், கல் அமிலமாகும்போதே அதன் உருவம் போய்விடுகிறது.

இந்த அமிலத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நீர்த்த அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும், அதற்குள் உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடுங்க ஆரம்பித்திருக்கும். இதயமே நின்றுபோகலாம். கால்சியம் குளுக்கோனேட்டு களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாத ஆலைக்குள் நான் காலே வைக்கமாட்டேன். 2012 செப்டம்பரில் தென்கொரியாவின் குமி நகரில் டேங்கர் கசிந்து ஐந்து பேர் இறந்தார்கள், பக்கத்துக் கிராமத்துப் பயிரெல்லாம் கருகிப்போனது.

சந்தைக்குருவி:

அமிலக்காரன் சார் அருமை. கணக்குப் பக்கம் மட்டும் நான் சேர்க்கிறேன். உலகம் முழுக்க வருடத்துக்கு ஒரு கோடி டன்னுக்குச் சற்றுக் குறைவாகத் தோண்டுகிறார்கள், அதில் சுமார் 60 சதவீதம் சீனா. அடுத்து மெக்சிகோவும் மங்கோலியாவும், பிறகு தென்னாப்பிரிக்கா, வியட்நாம், ஸ்பெயின். மெக்சிகோவின் சான் லூயிஸ் பொட்டோசி மாநிலத்து லாஸ் குவேவாஸ் உலகின் மிகப் பெரிய ஃப்ளோர்ஸ்பார் சுரங்கங்களில் ஒன்று.

கவனிக்க வேண்டியது, சீனா முன்பு கல்லாக ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. இப்போது அதன் சொந்த ஆலைகளுக்கே போதாமல் மங்கோலியாவிலிருந்து இறக்குமதி செய்கிறது. கல்லாக விற்பதைவிட வாயுவாகவும் பேட்டரி உப்பாகவும் விற்றால் பல மடங்கு காசு என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஐரோப்பா 2011இல் போட்ட முதல் பட்டியலிலேயே ஃப்ளோர்ஸ்பார் இருந்தது. அமெரிக்கா 2018இல் சேர்த்தது. நம் அரசு 2023இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்கள் பட்டியலில் ஃப்ளோர்ஸ்பார் இல்லவே இல்லை! அம்பாடுங்கரை முழுவீச்சில் திறந்துவிட்டால் இறக்குமதிக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடலாமே, எதற்காகக் காத்திருக்கிறார்கள்?

கல்லுப்பொறுக்கி:

குருவியாரே, அவ்வளவு சுலபம் இல்லை என்றுதான் "தனிக்கதை" என்று சொல்லி நிறுத்தினேன்.

அம்பாடுங்கர் தாதுவில் சராசரியாக 30 சதவீதம் அளவில்தான் ஃப்ளோர்ஸ்பார். அதைப் பிசகாமல் 97க்குக் கொண்டுவர வேண்டும். தாதுவை மாவாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, ஓலியிக் அமிலம் மாதிரி ஒரு கொழுப்பமிலம் சேர்த்துக் காற்றை ஊதினால், ஃப்ளோர்ஸ்பார் துகள் மட்டும் குமிழியில் ஒட்டி மேலே வர வேண்டும். வராது. பக்கத்திலேயே கால்சைட்டும் அபடைட்டும் இருக்கின்றன, மூன்றின் மேற்பரப்பிலும் கால்சியம்தான், கொழுப்பமிலத்துக்கு மூன்றும் ஒன்றுதான். கால்சைட்டை அமுக்கிவைக்க மரப்பட்டையின் டானின், சோடியம் சிலிகேட்டு, கஞ்சிப்பசை என்று என்னென்னவோ போடுவார்கள், நுரையை எடுத்துத் திரும்பத் திரும்ப ஐந்தாறு முறை கழுவுவார்கள். கார்பனடைட்டுத் தாதுவில் கனிமங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுணுக்கமாகப் பின்னிக் கிடப்பதால் அரைக்க அரைக்கச் செலவு, அதிகம் அரைத்தால் சேறாகி எதுவும் பிரியாது. அபடைட்டில் இருந்து வரும் பாஸ்பரஸ் வேறு. அமிலக்காரன் போன்றவர்கள் சரக்கைக் கையில் வாங்கியதும் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

மங்கோலியாவிலோ மெக்சிகோவிலோ வெடிப்பில் தடித்த பாளமாக, தோண்டும்போதே பாதிக்கு மேல் ஃப்ளோர்ஸ்பாராக வருவதோடு இதை ஒப்பிடாதீர்கள். அது போக, அந்த மலைகளில் ராத்வா ஆதிவாசி மக்களின் ஊர்களும் வயல்களும் இருக்கின்றன, "முழுவீச்சில் திறப்பது" என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்வது சுலபம். அதே இடத்தில் அரிய மண் உலோகங்களும் இருப்பதால் இப்போது எல்லோருடைய கண்ணும் அதன் மேல்தான். அந்தத் திட்டம் ஓடி, ஃப்ளோர்ஸ்பார் கூடவே துணைப்பொருளாக வந்தால் கணக்கு மாறலாம் என்பது என் எண்ணம். வியட்நாமின் நுய் ஃபாவோவில் அப்படித்தான், டங்ஸ்டனுக்காகத் தோண்டுகிறார்கள், ஃப்ளோர்ஸ்பாரும் கிடைக்கிறது.

வடகடல்:

எல்லாரும் கல்லையும் அமிலத்தையும் பற்றி எழுதிவிட்டியள், தோண்டின ஆக்களைப் பற்றியும் ஒருவர் எழுதவேணும். நான் இருப்பது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. 1986 ஆகஸ்டில் எங்கட இலங்கைத் தமிழ் ஆக்கள் 155 பேரை இரண்டு உயிர்காப்புப் படகுகளில் விட்டுவிட்டுக் கப்பல் போனதே, உள்ளூர் மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்களே, அந்தக் கரைதான்.

இங்கே பியூரின் தீபகற்பத்தில் செயின்ட் லாரன்ஸ் என்று ஒரு சின்ன ஊர். மீன்பிடி ஊர். 1929 நவம்பர் 18ஆம் தேதி கடலுக்கடியில் நிலநடுக்கம் வந்து சுனாமி அடித்தது, அந்தக் கரையோரமே சிதைந்துபோனது, படகும் வலையும் மேடையும் போச்சு, அதற்குப் பின் மீனும் சரியாகப் படவில்லை. உலகப் பொருளாதார மந்தமும் அதே நேரம். பட்டினிக்குப் பக்கத்தில் நின்ற சனம். அப்போதுதான், 1933இல், நியூயார்க் முதலாளி ஒருவர் அங்கே ஃப்ளோர்ஸ்பார் சுரங்கம் தொடங்கினார். மீனவர்கள் தூண்டிலை வைத்துவிட்டுத் துளைக் கருவியைத் தூக்கினார்கள்.

அவர்கள் துளைத்தது தண்ணீர் ஊற்றாத உலர் துளை. காற்றோட்டம் கிடையாது. கண்முன்னால் நிற்பவர் தெரியாத தூசி. சிலிக்கா தூசியால் நுரையீரல் இறுகும் வியாதி ஒரு பக்கம் வந்தது. அதைவிட மோசமானது ஒருவருக்கும் தெரியாமல் நடந்தது. நாற்பது, நாற்பத்தைந்து வயது ஆண்கள் நுரையீரல் புற்றுநோயில் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். 1959, 60இல் ஆய்வாளர்கள் வந்து அளந்தபோதுதான் காரணம் தெரிந்தது: யுரேனியம் சிதைவதால் வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயு. அங்கே யுரேனியம் சுரங்கம் எதுவும் இல்லை. சுற்றியிருந்த கருங்கல் பாறை வழியாகக் கசிந்த நிலத்தடி நீரில் ரேடான் கரைந்து வந்து, சுரங்கத்துக்குள் காற்றில் கலந்திருக்கிறது. அதற்குப் பிறகு காற்று ஊதிகள் வைத்தார்கள், 1969இல் அரச ஆணைக்குழுவின் அறிக்கையும் வந்தது. அதற்குள் அந்தச் சின்ன ஊரில் விதவைகள் இல்லாத தெரு இல்லை என்ற நிலை. நுரையீரல் புற்றுநோய்க்கு மட்டும் நூற்றுக்கு மேல் பலி.

அந்தச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேணும். 1942 பெப்ரவரி 18, புயலில் டிரக்ஸ்டன், பொலக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் அந்தக் கரையில் பாறையில் மோதின. 203 பேர் இறந்தார்கள். கரையேறிய மாலுமி ஒருவர் பனியில் நடந்துபோய்ச் சேர்ந்த இடம் அயர்ன் ஸ்பிரிங்ஸ் ஃப்ளோர்ஸ்பார் சுரங்கம். வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் கயிறோடு ஓடினார்கள், செங்குத்துப் பாறையில் இறங்கி எண்ணெயில் நனைந்த ஆக்களைத் தூக்கினார்கள், பெண்கள் வீட்டில் கொண்டுபோய்க் கழுவித் துடைத்தார்கள். 186 பேர் பிழைத்தார்கள். நன்றிக்கடனாக அமெரிக்கா 1954இல் அந்த ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டிக்கொடுத்தது. அந்த ஆஸ்பத்திரியிலேயே பிறகு சுரங்கத் தொழிலாளர்கள் புற்றுநோயோடு வந்து படுத்தார்கள்.

1978இல் பெரிய கம்பெனி மூடிவிட்டுப் போனது, மெக்சிகோக் கல் மலிவு. 2018இல் புதிதாக ஒரு நிறுவனம் திறந்து கப்பலும் ஏற்றியது, 2022இல் அதுவும் மூடியது. விலை ஏறினால் திறப்பார்கள், விழுந்தால் பூட்டுவார்கள், ஊர் அங்கேயே இருக்கும். "முக்கியக் கனிமம்" பட்டியல் போடுகிறவர்கள் இந்த ஊரின் கணக்கையும் வாசிக்கவேணும் என்பது என் கருத்து.

ஏழாயிரத்துப்பதினெட்டு:

வடகடல் அண்ணே, ரேடான் விஷயம் இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இப்போதைய சுரங்கங்களில் இதை அளக்கிறார்களா?

வடகடல்:

ஓம் தம்பி, ஒழுங்காக நடத்தும் சுரங்கங்களில் ரேடான் அளப்பது வழக்கம்தான், ஈரத் துளையும் காற்று ஊதியும் கட்டாயம். செயின்ட் லாரன்ஸில் 2018இல் திறந்தபோது பெரும்பாலும் மேலிருந்து வெட்டும் திறந்த குழியாகவே தொடங்கினார்கள். ஆனால் உலகத்தில் ஃப்ளோர்ஸ்பார் எல்லாம் பெரிய கம்பெனி தோண்டுவதில்லை. சின்னக் குழிகளில் என்ன அளக்கிறார்கள் என்று கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம்.

தகடூரான்:

இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. மச்சானிடம் 16 கோடி லிட்டர் கணக்கைக் காட்டினேன், "போர்வெல் போட்டாலும் அவ்வளவு தண்ணி வராதே" என்று விட்டுவிட்டார்.

கடைசியாக ஒன்று. இந்தக் கல்லுக்கு மாற்றே கிடையாதா? பழைய பேட்டரி, பழைய ஏசி வாயுவிலிருந்து ஃப்ளோரினைத் திரும்ப எடுத்துவிட முடியாதா?

அமிலக்காரன்:

மாற்று என்று சொல்லத் தகுந்தது ஒன்றுதான், அது உரத் தொழிற்சாலையில் இருக்கிறது. உரத்துக்கு வரும் பாஸ்பேட்டுப் பாறையில் 3 முதல் 4 சதவீதம் ஃப்ளோரின் உண்டு. பாஸ்பாரிக் அமிலம் செய்யும்போது அது ஃப்ளோசிலிசிக் அமிலமாக வெளியே வரும், நான் மேலே திட்டினேனே, அதே சாமான். அதிலிருந்து நேரடியாக அலுமினியம் ஃப்ளோரைடு செய்கிறார்கள், நம் நாட்டிலும் செய்கிறார்கள். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமாகவே மாற்றும் ஆலைகள் சீனாவில் ஓடுகின்றன. உலகில் தோண்டப்படும் பாஸ்பேட்டு அளவைப் பார்த்தால் அதில் இருக்கும் ஃப்ளோரின் ஃப்ளோர்ஸ்பாரில் வருவதைவிட அதிகம்தான், பிடிப்பதற்குத்தான் ஆள் குறைவு.

பழைய பொருளிலிருந்து எடுப்பது கடினம். ஏசி வாயுவை சர்வீஸ்காரர் காற்றில் விட்டுவிட்டால் கதை முடிந்தது, சிலிண்டரில் பிடித்தால் சுத்தம் செய்து அதே வாயுவாகத் திரும்பப் பயன்படுத்தலாம், அதைக்கூட நம் ஊரில் ஒழுங்காகச் செய்வதில்லை. பேட்டரியை உடைப்பவர்களுக்கு நிக்கல், கோபால்ட் மேல்தான் கண், ஃப்ளோரின் அவர்களுக்குத் தொந்தரவு. பெரும்பாலும் சுண்ணாம்பு போட்டு அடக்கி, கசடாக்கிக் கொட்டிவிடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் சுண்ணாம்பு போட்டால் உருவாவது கால்சியம் ஃப்ளோரைடு, அதாவது இதே ஃப்ளோர்ஸ்பார்தான், ஆனால் 97 எட்டாது, மாவாக, ஈரமாக, கண்டதெல்லாம் கலந்து இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலைகளிலும் சிப் ஆலைகளிலும் இப்படித்தான் டன் கணக்கில் சேருகிறது. அதைக் கட்டியாக்கி எஃகு உலைக்கு விற்கும் முயற்சிகள் சில இடங்களில் நடக்கின்றன. உலைக்கு அவ்வளவு சுத்தம் தேவையில்லை என்று வெல்டர் தம்பி சொன்னாரே, அங்கே போய்விட்டால் அந்த அளவு நல்ல கல் எங்களுக்கு மிச்சம்.

கம்பெனிப் பங்கு எதை வாங்கலாம் என்று தனிச்செய்தியில் ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியாது, குருவியாரைக் கேளுங்கள்.